வாசல் மேலே புதுப் பெயர்

இங்கிலாந்தில் ஒரு தெருமுனை மதுக்கடை கைமாறிவிட்டது என்பதை அந்த வட்டாரத்து மக்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள், தெரியுமா? வாசல் நிலைக்கு மேலே பார்த்துத்தான். கடையை நடத்துகிறவரின் பெயரையும், மது விற்க அவருக்கு லைசென்ஸ் உண்டு என்ற வாசகத்தையும் அங்கே சின்ன எழுத்தில் எழுதி வைப்பது நெடுங்கால வழக்கம். ஒருநாள் யாரோ ஏணி போட்டு அந்தப் பெயரை அழித்து வேறொரு பெயரை எழுதிக்கொண்டிருந்தால், பொழுது சாய்வதற்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிடும். புது ஆள் எப்படி, எந்த ஊர், பெண்சாதி சிடுசிடுப்பா சிரித்த முகமா என்பதுதான் அடுத்த இரண்டு மாதத்துக்கு அங்கே பேச்சு.

வாசக அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். குடியின் பெருமையைப் பாட நான் வரவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையால் நொடித்துப்போன குடும்பங்களை அறியாதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? ஆனால் ஆங்கிலேயர் 'பப்' என்று சொல்லும் இடத்தைக் கள்ளுக்கடையாக நினைத்துக்கொண்டு மேலே படித்தால் விஷயம் விளங்காது. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமே 'பப்'. பொது வீடு என்று பொருள். நம் பட்டணத்துக் காப்பிக்கடையில் ஒரே ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கும் பெரியவரைப் பார்த்திருப்பீர்களே, அவருடைய ஆங்கிலேயச் சகோதரர் உட்கார்ந்திருக்கும் இடம் அது. மனைவியை இழந்த கிழவர் அரைக் கோப்பை பீரை இரண்டு மணி நேரம் குடிப்பார். அவர் காலடியில் நாய் படுத்திருக்கும். ஒரு மூலையில் சுவர்ப் பலகையில் ஈட்டி முள் எறியும் 'டார்ட்ஸ்' விளையாட்டு நடக்கும். பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் அங்கே கூடுவார்கள், சாவு வீட்டிலிருந்து திரும்பினாலும் அங்கேதான் கூடுவார்கள். ஆகவே கடை கைமாறுகிறது என்றால், மளிகைக்கடை கைமாறுவது போன்ற சங்கதி அல்ல அது.

கடையை நடத்துகிறவரை 'லேண்ட்லார்ட்' என்பார்கள். வீட்டுக்காரர் என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் அவர் வீட்டுக்காரரே அல்ல. மாதம் தவறாமல் வாடகை கட்டுகிற குடக்கூலிக்காரர். கட்டடமும் மனையும் வேறொருவருக்குச் சொந்தம். பழைய நாளில் அந்த வேறொருவர் பீர் காய்ச்சும் கம்பெனியாக இருக்கும். 'என் கட்டடத்தில் இரு, என் பீரை மட்டும் விற்று வாடகை கொடு' என்பது ஒப்பந்தம். இதற்குக் 'கட்டுண்ட கடை' என்று பெயர். யாருக்கும் கட்டுப்படாமல் சொந்தமாக நடத்துவது 'சுதந்திரக் கடை'. இரண்டுக்கும் நடுவில், கம்பெனியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்தும் மானேஜரும் உண்டு.

இதைப் புரிந்துகொள்ள நம் தோட்டத்து மக்களுக்கு அதிக நேரம் பிடிக்காது. பெரிய துரை மாறுவார், புதுத் துரை வருவார், அவர் நல்லவரா கெட்டவரா என்று லயத்தில் விடிய விடியப் பேசுவோம். துரைக்கும் மேலே ஒரு கம்பெனி லண்டனில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தது என்பது பலருக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று. பப்பிலும் அதே கதைதான்.

புதிதாக வருகிறவர் முதலில் தேறவேண்டிய பரீட்சை கடைக்குள் நடப்பதில்லை. கடைக்குக் கீழே, நிலவறையில் நடக்கிறது. போத்தல் பீரும், காற்றடைத்த பீப்பாய் பீரும் விற்பதற்குப் பெரிய திறமை வேண்டாம். பழைய முறையிலான ஆங்கிலேய 'ஏல்' என்னும் பீர் அப்படி அல்ல. பீப்பாய்க்குள் வந்து சேரும்போது அது இன்னும் உயிரோடு இருக்கும். ஈஸ்ட் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். பீப்பாயைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, மேல் துளையில் ஒரு சின்ன மரமுளையை அடிப்பார்கள். அதன் வழியாக உள்ளே இருக்கும் காற்று மெல்ல வெளியேறும். ஒரு நாளோ இரண்டு நாளோ அசைக்காமல் விட்டால்தான் கசடு அடியில் தங்கிப் பீர் தெளியும். தெளிவதற்காக மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒருவகைப் பசையையும் பல கம்பெனிகள் சேர்ப்பது உண்டு. (சைவக்காரர்கள் இதைக் கேட்டுத் திடுக்கிடுவது அந்த ஊரிலும் நடக்கிறது.) நிலவறையின் குளுமை 11 முதல் 13 டிகிரிக்குள் நிற்க வேண்டும். குளிர் கூடினால் கலங்கும், வெப்பம் கூடினால் கெடும்.

பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளைக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். 'ஃபர்க்கின்' என்ற சின்னப் பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைண்ட் கொள்ளும். ஒரு பைண்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்று மேல். மூன்று நாளில் 72 கோப்பை போகாத கடையில் அந்தப் பீர் புளிக்கத் தொடங்கிவிடும். நிலவறையிலிருந்து மேலே வரும் குழாய்களை வாரம் ஒருமுறை மருந்து விட்டுக் கழுவவேண்டும். இரவெல்லாம் குழாயில் நின்ற பீரைக் காலையில் இழுத்துக் கொட்டிவிட வேண்டும். கொட்டுவதற்கு மனம் வராதவர் அதை முதல் வாடிக்கையாளருக்கு ஊற்றிக் கொடுப்பார். அந்த முதல் வாடிக்கையாளரோ, நாற்பது வருடமாக அதே நாற்காலியில் உட்கார்கிற கிழவர். ஒரு வாய் குடித்ததும் புது ஆளின் குலம் கோத்திரம் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

புதியவர்கள் பலர் சறுக்குகிற இடமும் இதுதான். பழையவரிடம் இரண்டே இரண்டு கைப்பம்பு இருந்தது, நாம் ஆறு வைப்போம் என்று தொடங்குவார்கள். கூட்டம் அதேதான், வகை மட்டும் மூன்று மடங்கு. ஆறும் மெதுவாக விற்று ஆறும் புளிக்கும். வியாபாரத்தை விரிவாக்குவது என்பது எல்லாத் தொழிலிலும் கெட்டிக்காரத்தனமாக இருப்பதில்லை.

நிலவறையைத் தேறிவிட்டால் அடுத்தது கடைக்குள் நடக்கும் பரீட்சை. அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. எந்தக் கொக்கியில் தொங்கும் குவளை யாருடையது, கடிகாரத்துக்குக் கீழே உள்ள இருக்கையில் யார் உட்காருவார், வாசலில் தலை தெரிந்ததுமே எவருக்குக் கேட்காமலே ஊற்றத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைத்த சட்டங்கள் அல்ல. டார்ட்ஸ் பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாப்பாட்டு மேசை போட்டவர் ஒரு விளையாட்டுக் குழுவையே இழப்பார். குழு போனால் செவ்வாய்க்கிழமை வியாபாரம் போயிற்று. பேச்சுக் கேட்காதபடி பாட்டுப் போட்டால் பேச வந்தவர்கள் போய்விடுவார்கள். ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளர் 1946-ஆம் ஆண்டில் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில், தமக்குப் பிடித்த பப் எப்படி இருக்கும் என்று ஒரு கட்டுரை எழுதினார். பீரைவிட அங்கே நிலவும் சூழலைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார். வானொலியும் பியானோவும் இல்லாதது அவருக்கு ஒரு சிறப்பாகப்பட்டது. கடைசியில், அப்படி ஒரு கடை இல்லவே இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார். பிற்காலத்தில் ஒரு பெரிய கம்பெனி அவருடைய கற்பனைக் கடையின் பெயரைத் தன் கடைகள் பலவற்றுக்கு வைத்துக்கொண்டது தனிக் கதை.

ஆள் மாறுவதோடு அரசாங்கமும் அவ்வப்போது மாற்றங்களைக் கொண்டு வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில், வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று பிற்பகலில் கடையை மூடவைத்தார்கள். போர் முடிந்தும் அந்தச் சட்டம் போகவில்லை. பிற்பகலிலும் திறந்து வைக்கலாம் என்ற அனுமதி 1988-இல்தான் வந்தது. 2007 ஜூலை முதல் தேதியிலிருந்து இங்கிலாந்தில் கடைக்குள் புகைபிடிக்கத் தடை. நூறு வருடப் புகை படிந்து மஞ்சளான கூரைக்குப் பல கடைகளில் அதற்குப் பிறகுதான் வெள்ளையடித்தார்கள்.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். கட்டுண்ட கடையை எடுத்து நடத்துகிறவர் இரண்டு வகை வாடகை கொடுக்கிறார். கட்டடத்துக்குக் கொடுப்பது 'காய்ந்த வாடகை'. வெளியே மலிவாகக் கிடைக்கும் பீரைக் கம்பெனியிடமே கூடுதல் விலைக்கு வாங்குகிறாரே, அந்தக் கூடுதல் 'ஈர வாடகை'. ஆங்கிலேயர் வைத்த பெயர்கள்தாம் இவை, நான் கட்டியவை அல்ல. நன்றாக வியாபாரம் செய்தால் ஈர வாடகை கூடும். கடை பேர் வாங்கிவிட்டால் அடுத்த ஒப்பந்தத்தில் காய்ந்த வாடகையும் கூடும். உழைக்கிறவர் ஒருவர், உயர்கிற மதிப்பு மற்றொருவருக்கு.

இந்தப் பிடியைத் தளர்த்தவேண்டும் என்று 1989-இல் அரசாங்கம் ஓர் ஆணை போட்டது. ஆறு பெரிய பீர் கம்பெனிகள் நாட்டின் மதுக்கடைகளில் பெரும் பங்கைத் தம் கைக்குள் வைத்திருந்த காலம் அது. 2,000 கடைகளுக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனி, அந்த 2,000-க்கு மேற்பட்ட கடைகளில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும், 1992 நவம்பருக்குள் செய்து முடிக்க வேண்டும் என்பது உத்தரவு. நல்ல நோக்கந்தான். கம்பெனிகள் என்ன செய்தன? கடைகளை ஆயிரக்கணக்கில் விற்றன. வாங்கியவர்கள் யார்? பீரே காய்ச்சாத, கடைகளை வாங்கி வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட புதுக் கம்பெனிகள். பீர் காய்ச்சாதவர்களுக்கு ஆணை பொருந்தாது! ஆகவே பழைய கட்டு அப்படியே புதுக் கையில் நீடித்தது. பீர் காய்ச்சுகிறவனுக்காவது தன் பீர் நன்றாக விற்க வேண்டுமே என்ற கவலை இருந்தது. புதியவர்களில் பலர் வங்கியில் கடன் வாங்கிக் கடைகளை வாங்கியவர்கள். அவர்கள் கண் முழுவதும் மனையின் மதிப்பில்தான் இருந்தது. 2015-இல் வேறொரு சட்டம் வந்து, 2016-இலிருந்து நடைமுறையாகி, 500 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுண்ட கடைகளை வைத்திருக்கும் கம்பெனிகளைக் கவனிக்கத் தனி அதிகாரி ஒருவரை நியமித்தார்கள். சில நிபந்தனைகளின்படி, குடக்கூலிக்காரர் ஈர வாடகையை உதறிவிட்டுச் சந்தை வாடகை மட்டும் கொடுக்கிறேன் என்று கேட்கலாம். இருபத்தைந்து வருடத் தாமதம்.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்போம். புது நிர்வாகம் வருகிறது என்றவுடன் பழைய வாடிக்கையாளர்கள் யாரைக் கண்டு பயப்படுகிறார்கள்? மேசைக்குப் பின்னால் நிற்கப்போகும் முகந்தெரியாத ஆளைக் கண்டு. வெளியாள், நம் பழக்கம் தெரியாதவன், கெடுத்துவிடுவான் என்று. அந்த முகந்தெரியாத ஆள் வெள்ளைக்காரனாகவும் இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்தப் பயம் எவ்வளவு தூரம் சரி என்பதைக் காட்ட ஓர் ஊர் இருக்கிறது.

பர்மிங்காம் நகரை ஒட்டிய ஸ்மெதிக் அந்த ஊர். இரும்பு வார்ப்புப் பட்டறைகள் நிறைந்த வட்டாரம். 1950-களில் அங்கே வேலைக்கு ஆள் போதவில்லை. பஞ்சாபிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். உருக்கிய இரும்பின் முன்னால் ஒரு முழு ஷிப்ட் நின்றவனுக்கு வெளியே வந்தால் தொண்டை எப்படி இருக்கும்? பக்கத்தில் நின்று வேலை செய்த வெள்ளைக்காரத் தொழிலாளி போகிற பப்புக்குத்தான் அவர்களும் போனார்கள். அன்றைய பப்புகளில் இரண்டு அறைகள் இருந்தன. தரைவிரிப்பும் மெத்தை நாற்காலியும் போட்ட அறை ஒன்று. வெறும் பலகைத் தரையோடு, கோப்பைக்கு ஒரு காசு இரண்டு காசு மலிவான அறை மற்றொன்று. மெத்தை அறைக்குள் இந்தியருக்கும் கறுப்பருக்கும் இடமில்லை என்று பல கடைகளில் வெளிப்படையாகவே சொன்னார்கள். சில கடைகளில் எந்த அறையிலும் இடமில்லை. இதைத் தடுக்க அப்போது சட்டம் எதுவும் இல்லை.

அவதார் சிங் ஜோஹல் என்று ஒரு வார்ப்புப் பட்டறைத் தொழிலாளி. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். பர்மிங்காம் பல்கலைக்கழகத்து வெள்ளைக்கார மாணவர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அவர் கடை கடையாக ஏறினார். மாணவர்கள் வாங்கினால் பீர் வரும். கூடவே போன இந்தியன் கேட்டால் வராது. இப்படிச் சாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு, லைசென்ஸ் புதுப்பிக்க வரும்போது ஆட்சேபம் எழுப்பினார்கள். கல்லெறியவில்லை, கண்ணாடியை உடைக்கவில்லை. தோட்டத் தொழிற்சங்கங்களை வளர்த்த நம் பெரியவர்களுக்குப் பழக்கமான பொறுமைதான் இது.

1964 பொதுத்தேர்தலில் ஸ்மெதிக் தொகுதியில் நிறவெறி அப்பட்டமாகப் பேசப்பட்டு, அதனாலேயே முடிவு தலைகீழானது. மறுவருடம் பிப்ரவரி 12-ஆம் தேதி அமெரிக்கக் கறுப்பர் தலைவர் மால்கம் எக்ஸ் இந்த ஊருக்கு வந்தார். இந்தியர்களுக்கும் கறுப்பர்களுக்கும் வீடு கிடைக்காமல் தடுக்கப் பார்த்த மார்ஷல் தெருவில் நடந்தார். பிறகு ஜோஹல் அவரை 'புளூ கேட்ஸ்' என்ற பப்புக்கு அழைத்துச் சென்றார். உலகப் புகழ் பெற்ற அந்த விருந்தாளிக்கும் மெத்தை அறையில் இடம் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே 1965-ஆம் வருட டிசம்பரில், பொது இடங்களில் நிறம் பார்த்து ஆளை ஒதுக்குவது சட்டவிரோதம் என்ற முதல் இன உறவுச் சட்டம் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் கதவைத் திறந்தது. அதற்குப் பிறகு நடந்தது எந்தச் சட்டமும் எதிர்பார்க்காதது. பின்வந்த ஆண்டுகளில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலைக்காரர் கூட்டத்தை நம்பியிருந்த பப்புகள் காலியாயின. வெள்ளைக்காரர் பலர் வேறு பேட்டைகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். யாரும் தொட விரும்பாத அந்தக் கடைகளை எடுத்து நடத்த முன்வந்தவர்களில், முன்பு வாசலில் நிறுத்தப்பட்ட பஞ்சாபியரும் அவர்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலை போனபோது கிடைத்த தொகையைச் சிலர் இதில் போட்டார்கள். வாசல் மேலே சிங் என்றும் பட்டேல் என்றும் பெயர்கள் ஏறின.

இந்தப் புது நிர்வாகம் கடையை எப்படி மாற்றியது என்பதுதான் சுவையான சங்கதி. வெளியே தொங்கும் பலகையில் சிவப்புச் சிங்கமோ கிரீடமோ பழையபடியே இருந்தது. டார்ட்ஸ் பலகையும் இருந்தது. பழைய பீரும் இருந்தது. அடுப்பங்கரைதான் மாறியது. உப்பிட்ட உருளைக்கிழங்கு வறுவலும் ஊறுகாய் முட்டையும் மட்டுமே கிடைத்த இடத்தில் தந்தூர் அடுப்பு வந்தது. இரும்புத் தட்டில் சீறிக்கொண்டே வரும் கோழியும், ஆட்டு விலாவும், சீக் கபாபும், மசாலா மீனும் கலந்த 'மிக்ஸ்டு கிரில்' அந்த வட்டாரத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்தது. பக்கத்தில் ஆங்கிலேயரின் 'சிப்ஸ்' ஒரு குவியல். ஆண்கள் மட்டும் நின்று குடித்த இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வந்தார்கள். பழைய வெள்ளைக்கார வாடிக்கையாளர்களில் சிலர் முறைத்துக்கொண்டு போனார்கள். சிலர் அதே நாற்காலியில் இருந்துகொண்டு கறிக்குப் பச்சைமிளகாய் கடிக்கப் பழகினார்கள். 'தேசி பப்' என்று இவற்றுக்கு இப்போது பெயர்.

ஒரு செய்தியைச் சொன்னால் மாற்றம் எவ்வளவு தூரம் போயிற்று என்பது புரியும். கம்பெனிகள் உயிருள்ள பீரை ஒழித்துவிட்டுக் காற்றடைத்த பீரைத் திணிப்பதை எதிர்த்து, 1971-இல் நான்கு இளைஞர்கள் கூடி 'காம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். பழைய ஆங்கிலேய பீருக்கும் பழைய பப்புக்கும் காவல் நிற்பது இந்த இயக்கம்தான். பழமைவாதிகள் என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. அந்தக் காம்ராவே 2023-இல் தேசி பப்புகளைப் பற்றி டேவிட் ஜேசுதாசன் எழுதிய வழிகாட்டி நூலை வெளியிட்டது. எந்தப் பட்டியலில் எவருக்கு இடமில்லை என்றார்களோ, அந்தப் பட்டியலில் அவர்களே வந்து சேர்ந்துவிட்டார்கள். வெஸ்ட் பிரோம்விச் என்ற பக்கத்து ஊரில் 'ரெட் லயன்' என்ற கடையின் சன்னலுக்கு மாதாகோயிலில் பதிப்பது போன்ற வண்ணக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதில் இருப்பவர்கள் புனிதர்கள் அல்லர், நிறத்தடையை எதிர்த்த இந்தியத் தொழிலாளர்கள்.

அப்படியானால் பப்புகளைக் கொல்வது யார்? 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏறத்தாழ 60,000 பப்புகள் இருந்தன. 2023-இல் சுமார் 45,000. பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் டின் பீர், வரி, 2020-இன் நோய்க்கால அடைப்பு, அதற்குப் பிறகு எகிறிய மின்சாரக் கட்டணம் என்று காரணங்கள் பல. ஆனால் நல்ல கூட்டம் வருகிற கடையும் மூடப்பட்டதே, அது ஏன்? மனை. லண்டனில் ஒரு பப் நிற்கும் நிலத்தில் அடுக்குமாடி வீடு கட்டினால், நூறு வருடம் பீர் ஊற்றினாலும் கிடைக்காத பணம் ஒரே வருடத்தில் கிடைக்கும்.

வடமேற்கு லண்டனில் கார்ல்டன் டாவர்ன் என்ற பப் உண்டு. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் தப்பிய கட்டடம். 2015 ஏப்ரலில், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அதை அறிவிக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே, வாங்கியவர்கள் அனுமதியில்லாமல் இயந்திரத்தை விட்டு இடித்துத் தள்ளினார்கள். அபராதத்தோடு போய்விடும் என்று நினைத்தார்கள் போலும். அக்கம்பக்கத்தார் விடவில்லை. இடித்ததை இருந்தபடியே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று நகராட்சி உத்தரவிட்டது. இடிப்பதற்கு முன்பே கட்டடத்தின் படங்களையும் அளவுகளையும் எடுத்து வைத்திருந்ததால் அது முடிந்தது. 2021 ஏப்ரலில், புது நிர்வாகத்தின் கீழ், பழைய முகத்தோடு அந்தக் கடை திறந்தது.

தென்கிழக்கு லண்டன் நன்ஹெட் வட்டாரத்து 'ஐவி ஹவுஸ்' கதை இன்னும் ருசியானது. 1930-களில் கட்டியது. மரப்பலகை பதித்த சுவர்கள், உள்ளே ஒரு மேடை. 1970-களில் பிற்காலத்தில் பேர்பெற்ற பாடகர்கள் பலர் பாடிய மேடை அது. 2012-இல் கடையை நடத்தியவருக்கு ஐந்தே நாள் அவகாசம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். கட்டடம் வீடு கட்டுகிறவர்கள் கைக்குப் போகவிருந்தது. தெருக்காரர்கள் இரண்டு வேலை செய்தார்கள். முதலில், கட்டடத்தை இடிக்க முடியாதபடி பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வைத்தார்கள். பிறகு, 2011-இல் வந்த ஊராட்சிச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. ஊர்மக்களுக்குப் பயன்படும் இடம் என்று ஒரு கட்டடத்தைப் பதிவு செய்துவிட்டால், விற்க முற்படும்போது ஆறு மாதம் நிறுத்திவைத்து, 'நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று சொல்ல ஊராருக்கு அவகாசம் உண்டு. இப்படிப் பதிவான முதல் பப் ஐவி ஹவுஸ்.

விலை 810,000 பவுன். கூலிக்காரரும் வாத்தியாரும் ஓய்வூதியக்காரரும் அதை எங்கே போய்ப் புரட்டுவது? பெரும்பகுதி பழங்கட்டட நிதியின் கடனும் உதவித் தொகையுமாக வந்தது. பங்கு விற்று 371 பேரிடமிருந்து 142,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. கூட்டுறவு முறை என்பதால் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுத்தான். 2013 ஆகஸ்டில் கடை திறந்தது. மரச்சுவரும் மேடையும் இருந்தபடியே இருந்தன. லேண்ட்லார்ட் என்ற பேருக்குச் சொந்தக்காரர்கள் 371 பேர் ஆனார்கள். மேசைக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றும் மானேஜர் அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர். நிலவறையில் பீர் புளித்துப்போனால் அவர்கள் முறையிட லண்டனில் வேறு ஒரு கம்பெனியைத் தேடிப்போக வேண்டியதில்லை.